‘எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது’ என்பதில் என்ன பெருமை?

‘எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது.’ இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒருமுறைகூட வெட்கப்பட்டுச் சொன்னதில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலம் சரியாக வராது என்பதை நாம் மறைக்கிறோம். கணக்கு வராது என்று சொல்லக் கூசுகிறோம். ஆனால், நாள்தோறும் ஏறிப் போகும் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் ஏன் இவ்வளவு எளிதாகச் சொல்கிறோம்? கடந்த பருவ விடுமுறையில்தான் இதை யோசித்தேன். யோசிக்க வைத்தவை நான்கு ஸ்பார்க் பிளக்குகள்.

நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு மைவி. விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் அதில்தான் தொழிற்சாலைக்குக் கிளம்புவார். நான் வீட்டுக்கு வந்த வாரத்தில், சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதெல்லாம் கார் காய்ச்சல் கண்டவரைப்போல நடுங்கியது. மேட்டில் எவ்வளவு எண்ணெய் அழுத்தினாலும் இழுக்கவில்லை. என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. ‘சம்பளம் வரட்டும், பட்டறையில காட்டிக்கலாம்’ என்று சொல்லியே அம்மா இரண்டு வாரம் ஓட்டியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெரியம்மா மகன் வந்தார். அண்ணன் ஈப்போவில் ஒரு பட்டறையில் மெக்கானிக். என்ஜினை ஓடவிட்டுச் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். ‘ஒரு சிலிண்டர் சரியா எரியல. பிளக் மாத்தி எத்தன வருசம் ஆச்சு சித்தி?’ என்றார். அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடுமாம். சில பத்து வெள்ளியில் முடிகிற வேலையைத் தள்ளிப்போட்டால் ஆயிரக்கணக்கில் செலவு வரும் என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘நீ செய். நான் சொல்லித் தரேன்’ என்றார்.

‘எனக்குக் காரைப் பத்தி ஒன்னும் தெரியாதுண்ணே’ என்று வழக்கம்போலச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ‘தெரியலன்னா கத்துக்க வேண்டியதுதான். யுனிவர்சிட்டியில அதத்தானே செய்யற?’ என்றார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரிக்குப் போனவர். எஸ்.கே.எம். மூன்றாம் நிலைச் சான்றிதழ் வைத்திருக்கிறார். அவர் அங்கே சேர்ந்த நாளில் எங்கள் குடும்பத்தில் துக்க வீடுபோல ஒரு மௌனம். ‘ஒழுங்கா படிக்கலன்னா அண்ணன் மாதிரி போமனாத்தான் போகணும்’ என்பது எனக்கும் தம்பிக்கும் சொல்லப்பட்ட எச்சரிக்கை. நான் ஐந்தாம் படிவம் படிக்கும்போது, அண்ணன் என்ன செய்கிறார் என்று ஒரு தோழி கேட்டாள். ‘இஞ்சினியரிங் படிக்கிறார்’ என்றேன். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

இனி வேலைக்கு வருகிறேன். பூட்டைத் திறப்பதுபோல அவ்வளவு எளிதில்லை. ஆனால், நாம் நினைக்கிற அளவுக்கு மலையும் இல்லை. முதலில் என்ஜின் நன்றாக ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது கழற்றினால் அலுமினியத்தில் உள்ள மரை கெட்டுப் போகலாம். மேலே மறைத்திருந்த காற்று வடிகட்டிப் பெட்டியை அகற்றினோம். வரிசையாக நான்கு காயில்கள் தெரிந்தன. ஒவ்வொன்றையும் ஒரு 10 மி.மீ. போல்ட் பிடித்திருந்தது. ஒயரின் கிளிப்பை அழுத்தி எடுத்து, போல்ட்டைக் கழற்றி, காயிலை மேலே இழுத்தால் ஆழமான ஒரு குழி. அதன் அடியில்தான் பிளக் உட்கார்ந்திருக்கிறது. குழியில் கிடக்கும் தூசியை ஊதி எடுத்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும். இல்லையென்றால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும் என்றும் அண்ணன் சொன்னார். ஒயர்கள் இடம் மாறிவிடக் கூடாது அல்லவா?

காயிலைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது என்ன செய்யும்?’ என்று கேட்டேன். ‘பேட்டரியில இருக்கிறது 12 வோல்ட். பிளக்கோட இடைவெளியில பொறி தாவணும்னா பல ஆயிரம் வோல்ட் வேணும். அத ஏத்திக் கொடுக்கிறது இதுதான்’ என்றார். எனக்குச் சட்டென்று உறைத்தது. எஸ்.பி.எம். இயற்பியலில் ‘இஞ்சாக் நாயேக்’ என்று மலாயில் மனப்பாடம் செய்தேனே, அந்த ஏற்று மின்மாற்றியின் உறவுக்காரன்தான் இது! முதன்மைச் சுருள், துணைச் சுருள், மின்தூண்டல் எல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அதே பொருள் அம்மாவின் காரில் நான்கு இருக்கிறது என்பது தெரியாமலே வாங்கியிருக்கிறேன்.

அண்ணன் இன்னொரு கணக்கும் சொன்னார். நான்கு வீச்சு என்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிளக்கும் பொறி விட வேண்டும். நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,500 முறை பொறி விடுகிறது. ஒரு மணி நேரத்தில் 90,000 முறை. தேயாமல் என்ன செய்யும்? சாதாரண நிக்கல் பிளக்கை 20,000 கிலோமீட்டர் அளவில் மாற்றச் சொல்வது வழக்கம். இரிடியம் பிளக் 100,000 கிலோமீட்டர் வரைகூட வரும். எங்கள் வீட்டில் யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை. குற்றம் காரில் இல்லை, எங்களிடம்.

கழற்றிய பிளக்குகளைப் பழைய நாளிதழ் ஒன்றின்மேல் வரிசையாக வைக்கச் சொன்னார். அவற்றைப் படிக்கலாமாம். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. எங்கள் மூன்று பிளக்குகள் பழுப்பாகத்தான் இருந்தன. இடைவெளிதான் தேய்ந்து அகன்றிருந்தது. மூன்றாம் சிலிண்டரின் குழியில் மட்டும் என்ஜின் எண்ணெய் தேங்கி, பிளக்கின் மேற்பகுதியும் காயிலின் ரப்பரும் நனைந்திருந்தன. நடுக்கத்துக்குக் காரணம் அதுதான்.

புதிய பிளக்கைப் போடும்போதுதான் என் கை நடுங்கியது. முதலில் ஸ்பேனரே கூடாது; நீட்டுக் கம்பியை விரலால் மட்டும் திருக வேண்டும். மரை கோணலாக ஏறினால் கை முரண்டும். உடனே திருப்பி எடுத்து, மறுபடி முதலிலிருந்து. வலுக்கட்டாயமாக இறுக்கினால் சிலிண்டர் தலையே பாழ். விரலால் இறுகிய பிறகு, பெட்டியில் போட்டிருந்த அளவுப்படி அரைச் சுற்றுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் ஆனது. அண்ணன் ஒருமுறைகூடக் கை வைக்கவில்லை. சாவியைத் திருகியதும் கார் நடுங்காமல் ஓடியது. அம்மா வாசலில் நின்று என் கறுத்த கைகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால், எண்ணெய்க் கசிவு அப்படியே இருந்தது. பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுகிப் போயிருக்கும், அதை மாற்றாவிட்டால் மறுபடியும் எண்ணெய் இறங்கும், அதைப் பட்டறையில் செய்வதே நல்லது என்றார் அண்ணன். மறுவாரம் எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் உள்ள பட்டறைக்கு நானே காரைக் கொண்டு போனேன். முன்பெல்லாம் ‘கார் ஒரு மாதிரி இருக்கு’ என்று சொல்லிவிட்டு, தவுக்கே சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவோம். வீட்டுக்கு வந்து ‘ஏமாற்றியிருப்பாரோ?’ என்று புலம்புவோம். இந்த முறை, மூன்றாம் பிளக் குழியில் எண்ணெய் இறங்குகிறது என்று சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். வேலை முடிந்ததும், கல்லாகிப்போன பழைய வளையத்தைத் தானே எடுத்து வந்து என் கையில் வைத்துக் காட்டினார். கேட்ட பணத்தைச் சந்தேகமில்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒன்றுமே தெரியாதவரால் ஒரு கைவினைஞரை உண்மையில் நம்பவும் முடியாது, நியாயமாகச் சந்தேகப்படவும் முடியாது. வேலையைக் கொஞ்சமாவது செய்து பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ‘பணம் கொடுத்தால் முடிகிற வேலைக்கு நாம் ஏன் கையை அழுக்காக்க வேண்டும்? அவர்களும் பிழைக்க வேண்டாமா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாரும் எல்லா வேலையையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிரேக்கைத் தொடாதீர்கள். வாரண்டியில் உள்ள காரைத் தொடாதீர்கள். ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கிட்டவே போகாதீர்கள். அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம். நாளைக்கு வீட்டுக்கு வீடு மின்கார் வந்தால் பிளக்கே இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால், ஆறவிட்டுத் தொடுவது, ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடுவது, முரண்டினால் நிறுத்துவது, எங்கே தன் எல்லை முடிகிறது என்று அறிவது ஆகியவை எந்தக் காருக்கும் பொருந்தும்.

நம் சமூகத்தில் ‘தெரியாது’ என்று சிரித்துக்கொண்டே சொல்வதற்குப் பின்னால் வேறொரு பொருள் ஒளிந்திருக்கிறது: ‘நான் அந்த வேலைக்காரர்களில் ஒருத்தி இல்லை, படித்தவள்.’ என் சிரிப்புக்கும் அதுதான் பொருள். எஸ்.பி.எம். முடித்துவிட்டுத் திறன் கல்லூரிக்கா, பல்கலைக்கழகத்துக்கா என்று யோசிக்கும் தம்பி தங்கைகளை ‘அங்கேயா போகப்போகிறாய்?’ என்று கேட்டுச் சுருங்கச் செய்வதும் அதே சிரிப்புதான்.

இந்த வாரக் கடைசியில் வீட்டுக் காரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பிளக்கை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். உங்கள் குடும்பத்திலும் ஓர் அண்ணனோ மாமாவோ இருப்பார். சொல்லித் தரச் சொல்லுங்கள். இதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்றிரவு, நகக்கண்ணில் கறுப்பு போகாத என் கைகளைப் படமெடுத்து அந்தப் பள்ளித் தோழிக்கு அனுப்பினேன். ‘உன் அண்ணன் இஞ்சினியர்தானே, அவரே செஞ்சிருக்கலாமே?’ என்று பதில் வந்தது.

‘இல்ல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அண்ணன் மெக்கானிக். அவர் சொல்லிக் கொடுத்தார், நான் செஞ்சேன்’ என்று எழுதி அனுப்பினேன்.