அளந்த பின் மாற்றுவோம்

வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் பொருள்கள் உண்டு என்று தேர்வுத் தாளில் எத்தனை முறை எழுதியிருப்போம்! 1833-இல் வெள்ளி சல்பைடில் பாரடே கண்ட உண்மை அது. எழுதினோம், மதிப்பெண் பெற்றோம், மறந்தோம். சென்ற திங்கள் கோவண்டியில், மாமா வீட்டு வாசலில், அந்த உண்மை என்னைப் பார்த்து நகைத்தது.

மாமா டாக்சி ஓட்டுபவர். இன்ஜின் சூடேறும் முன்பே விசிறி ஓயாமல் சுழன்றது. எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. "வெப்ப சென்சார் போச்சு, மாற்று" என்றது பட்டறை. அளந்து பார்த்தார்களா? இல்லை! "ஏல மருமவனே, பதினேழு வருசம் படிச்சியே, இது போச்சா இல்லையான்னு சொல்ல முடியாதா?" என்றார் மாமா. வண்டி நின்றால் அன்று அவருக்கு வருவாய் இல்லை.

அன்பர்களே, இச்சோதனைக்கு மல்டிமீட்டர், வெப்பமானி, சமையலுக்கு இனி எடுக்காத சட்டி, இவை போதும். பொறுமைதான் பெரிதும் வேண்டும். ரேடியேட்டரில் அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் சீறும். ஆகவே இரவு முழுதும் ஆறவிட்டோம். விசிறி தானே சுழன்றுவிடக் கூடுமாதலால், பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே கை வைத்தோம். வழிந்த கூலன்ட்டை வாளியில் பிடித்து மூடினோம். அதிலுள்ள கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. எங்கள் சந்திலோ குழந்தைகள் அதிகம்.

சென்சாரின் முனை மட்டும் நீரில் நனைய, சட்டியின் அடியைத் தொடாமல், கம்பியில் தொங்கவிட்டேன். 30 டிகிரியில் ஏறத்தாழ 1,700 ஓம்; 60-இல் 600; கொதிநீரில் 200-க்கும் கீழே. (மும்பை கடல்மட்டத்தில் இருப்பதால் கொதிநீர் 100 டிகிரி. உதகையில் 93-க்கு அருகிலேயே கொதித்துவிடும்!) எண்கள் வண்டிக்கு வண்டி மாறலாம், இறக்கம் குதிக்காமல் சீராக இருக்க வேண்டும். இருந்தது. சென்சார் குற்றமற்றது!

குற்றவாளி, அதில் செருகும் கனெக்டரில் படிந்த பச்சைக் களிம்பு. சுரண்டித் துடைத்துப் பொருத்தினோம்; கூலன்ட்டை நிரப்பினோம். விசிறி அடங்கியது, விளக்கும் அணைந்தது.

பட்டறைக்காரரை நான் பழிக்கவில்லை. வரிசையில் பத்து வண்டி நிற்க, அவருக்கு நேரமேது? நேரம் இருந்த நாமன்றோ சென்ற ஆண்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிக்கொண்டிருந்தோம்! விழாப் பந்தலுக்குச் செலவிடும் நம் சங்கம் இரண்டு மல்டிமீட்டர் வாங்கலாகாதா? அடுத்த செயற்குழுவில் இதை முன்மொழிவேன். பழகிப் பார்க்கத் தம் வண்டியைத் தர மாமா இசைந்துவிட்டார், ஞாயிறு காலை மட்டும்.