அந்த நான்கு மணி நேரம் யாருடையது?

நம் ஊரில் ஒரு பெண்ணுக்குத் தூக்க மாத்திரை கிடைப்பது சுலபம். என் அம்மாவுக்குப் பதினோரு வருடம் கிடைத்தது. தாத்தா இறந்த வருடம், "மனசு ஒரு நிலையில இல்ல, தூக்கம் வரல" என்று தெருமுனை டாக்டரிடம் போனாள். அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சீட்டைக்கூட யாரும் கேட்கவில்லை. அலுவலகம் விட்டு வரும் வழியில் அப்பாவே ஒரு அட்டை வாங்கி வந்துவிடுவார், பால் பாக்கெட் வாங்குவதுபோல. பழகிவிடும் என்று யாரும் அவளை எச்சரிக்கவில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துதான் அது. ஆனாலும் அம்மா சத்தமில்லாமல் இருந்தாள், வீடு நிம்மதியாக இருந்தது, விஷயம் அத்தோடு முடிந்தது.

என் 39ஆவது வயதில் நான் கேட்டது இதற்கு நேர் எதிரான மாத்திரை. ஒரு வேலையைத் தொடங்கினால் அதிலேயே நிற்பதற்கான மாத்திரை. அதற்குத்தான் கேள்விமேல் கேள்வி வந்தது. "எம்.காம். முடிச்சிருக்கீங்க, வேலைக்குப் போறீங்க, ரெண்டு பிள்ளைங்களை வளர்க்கறீங்க. உங்களுக்கு எப்படிம்மா ஏ.டி.எச்.டி. இருக்கும்?" "யூடியூப் பார்த்துட்டு வந்தீங்களா?" "சார் வரலையா?" கடைசியாக, "இந்த மருந்தெல்லாம் பழக்கமாயிடும்மா. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, பேசி முடிவு பண்ணலாம்."

அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. குரல் உயர்த்தவில்லை, நாற்பது நிமிடம் ஒதுக்கினார். கேட்டவற்றில் பாதி கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான். மெத்தில்ஃபெனிடேட் கொடுக்கும் முன் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்க்க வேண்டும், குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று விசாரிக்க வேண்டும், தூக்கத்தையும் பசியையும் கேட்க வேண்டும், கர்ப்பம் பற்றியும் கேட்க வேண்டும். நான் சண்டை போடுவது கேள்விகளோடு அல்ல, அவை யாரை நோக்கிப் போகின்றன என்பதோடு. இரண்டாவது பிரசவத்தோடு எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாகிவிட்டது. "குழந்தை ஏதாவது பிளான் இருக்கா, சாரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றால், என் கர்ப்பப்பை பற்றிய தகவல் வேறொருவரின் பையில் இருப்பதாக அர்த்தம்.

என் கணவர் நல்லவர். கூப்பிட்டால் வந்திருப்பார், கையெழுத்தும் போட்டிருப்பார். அதனால்தான் கூப்பிடவில்லை. நல்ல கணவர் இருக்கிறவளுக்கு மாத்திரை, இல்லாதவளுக்கு இல்லை என்ற ஏற்பாட்டுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த இடத்திலும் கணவனின் அனுமதி என்று பேசவில்லை. சிகிச்சை பற்றிப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் திறன் உள்ளவர் தானே முடிவெடுக்கலாம் என்கிறது அதன் 4ஆவது பிரிவு. நமக்காகப் பேச ஒரு பிரதிநிதி வேண்டுமென்றால், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். தோழியை நியமிக்கலாம், அக்காவை நியமிக்கலாம். தாலி கட்டியவர் தானாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது டாக்டர்களின் பழக்கம். சட்டம் அல்ல.

அறிகுறிகளுக்கு வருவோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டை வைத்துத்தான் இங்கும் கணக்குப் பார்க்கிறார்கள். ஓடி ஆடாமலும் கவனக்குறைபாடு இருக்கலாம் என்பதை அந்தக் கையேடு 1980இலேயே ஒப்புக்கொண்டது. ஏழு வயதுக்கு முன் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியை 2013இல் பன்னிரண்டு வயது என்று தளர்த்தியது. ஆனாலும் ஆய்வுகளின் உடம்பு ஆண் பிள்ளையின் உடம்பாகவே இருக்கிறது. இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் 1999ஆம் ஆண்டின் பெரிய அமெரிக்க ஆய்வில் 579 குழந்தைகள். அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பையன்கள். பெஞ்சில் ஏறிக் குதித்தவன் மருத்துவமனைக்குப் போனான். பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் ராங்க் கார்டில் "நல்ல பெண், இன்னும் முயற்சி செய்யலாம்" என்று எழுதினார்கள்.

சிறுவயதிலிருந்தே இருந்ததற்கு யாராவது சாட்சி சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவிடம் போனில் பேசினார். அம்மா என்ன சொன்னாள்? "அவ சின்ன வயசுலேர்ந்தே சோம்பேறிங்க டாக்டர். பாலை அடுப்புல வெச்சிட்டுப் புஸ்தகத்தைத் தூக்கிட்டு உக்காந்துடுவா. பொறுப்பே கிடையாது." டாக்டர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். ஒரு பையனைப் பற்றி இதே வாக்கியம் வந்திருந்தால் அது அறிகுறி. பெண்ணைப் பற்றி வந்தால் குணம். 'பொறுப்பில்லாதவள்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் எவ்வளவு வேலை கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பொங்கி வழிந்த பாலுக்கும் அதுதான், மறந்துபோன மாமியாரின் பிரஷர் மாத்திரைக்கும் அதுதான், மூன்று முறை பாதியில் நின்ற சி.எம்.ஏ. தேர்வுக்கும் அதுதான்.

பழக்கமாகிவிடும் என்ற பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்தான மருந்துதான், கட்டுப்பாடும் தேவைதான். ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸோன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அதை உட்கொண்டு பார்த்தவர்களில் அவர் மனைவி மார்கரீட்டும் ஒருவர். அவருக்கு ரத்த அழுத்தம் குறைவு, டென்னிஸ் ஆடும் முன் போட்டுக்கொண்டால் ஆட்டம் நன்றாக வந்தது. அவரது செல்லப்பெயர் ரீட்டா. மருந்து ரிட்டாலின் ஆனது. பின்னாளில் ஆண் பிள்ளைகளின் மருந்து என்று உலகம் அறிந்த ஒன்றின் பெயருக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஐம்பதுகளில் அது சந்தைக்கு வந்தபோது சோர்வுக்கும் லேசான மனச்சோர்வுக்கும்தான் விற்றார்கள். அதே காலத்தில் ஆம்ஃபெடமைன் மாத்திரைகளை உடம்பு இளைக்க அமெரிக்கப் பெண்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். பெண் இளைப்பதற்கும் சிரித்த முகமாக வளையவருவதற்கும் ஊக்கமருந்து கொடுத்தபோது பழக்கமாகிவிடுமே என்ற கவலை எங்கே போயிருந்தது? அவள் உட்கார்ந்து ஒரு பேலன்ஸ் ஷீட்டை முடிக்க வேண்டும் என்று கேட்கும்போது மட்டும் வந்துவிடுகிறது.

என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று நானே கேட்டேன். ஆம்ஃபெடமைன் வகை நம் நாட்டு மருந்துக்கடைகளில் கிடையாது. மீதம் முக்கியமாக இரண்டு. ஒன்று மெத்தில்ஃபெனிடேட். சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். இன்னொன்று அட்டோமாக்ஸிடின். அது ஊக்கமருந்து வகை அல்ல, தினமும் போட வேண்டும், பலன் தெரியப் பல வாரம் ஆகும். டாக்டர் "இதுதான் சேஃப்" என்று இரண்டாவதை நோக்கிப் பேனாவை நகர்த்தினார். நான் அப்போது ஃப்ளூவாக்ஸெடின் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு டாக்டர் என் கவனச்சிதறலை மனச்சோர்வு என்று முடிவு கட்டி எழுதியது. ஃப்ளூவாக்ஸெடின் இருக்கும் உடம்பில் அட்டோமாக்ஸிடின் சீக்கிரம் சிதையாது, ரத்தத்தில் அதன் அளவு ஏறும், அதனால் மிகவும் கவனமாகத்தான் அளவைக் கூட்ட வேண்டும். இதை நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள பெண்களில் பலர் முதலில் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் இந்த வாசலுக்கு வருகிறார்கள். ஆகவே பையில் என்ன அட்டை இருக்கிறது என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சார் வந்திருக்கிறாரா என்பது அல்ல.

கடைசியில் மெத்தில்ஃபெனிடேட்தான், சாதாரண வகை, குறைந்த அளவில். அப்போது டாக்டர் சொன்னதை இந்தக் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதலாம் போலிருக்கிறது. "காலையில ஆறு மணிக்குப் போட்டுக்கோங்கம்மா. சமையல், பிள்ளைங்க டிபன் பாக்ஸ் எல்லாம் டென்ஷன் இல்லாம முடிஞ்சிடும்."

2019இல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நம்முடையது. மாத்திரை நிற்பதோ நான்கு மணி நேரம். அதை ஆறு மணிக்கு விழுங்கினால் பத்து மணிக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்காரும்போது மருந்து இறங்கிக்கொண்டிருக்கும். என் மூளை விழித்திருக்கும் நேரத்தில் இட்லி வெந்திருக்கும், 20ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜி.எஸ்.டி. கணக்கு கிடக்கும். இத்தனை வருடம் போராடி வாங்கிய மாத்திரையின் முதல் நான்கு மணி நேரத்தையும் அடுப்படியே எடுத்துக்கொள்ளுமானால், அது எனக்குக் கொடுக்கப்பட்ட மருந்தா, அடுப்படிக்குக் கொடுக்கப்பட்டதா?

ஒன்பதே முக்காலுக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "அப்போ வீட்ல மார்னிங் கஷ்டமா இருக்குமே" என்றார். இருக்கட்டும். அந்தக் கஷ்டத்துக்கு மாத்திரை தேவையில்லை, இன்னும் இரண்டு கைகள் போதும்.

இனி என் தோழிகளோடு கொஞ்சம். "ஆணாதிக்கம் தந்த களைப்புக்கு நோய்ப் பெயர் வைத்து மாத்திரை விற்கிறார்கள், நீயும் விழுந்துவிட்டாயே" என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருவர் சொன்னார். மருந்து நிறுவனங்கள் மேல் எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால் வீட்டு வேலையைச் சரிபாதியாகப் பிரித்த பிறகும் என் கண்ணுக்கு முன் உள்ள எண்கள் வரிசையாக நிற்பதில்லை. எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டபோது யாரும் அதை முதலாளித்துவத்தின் சதி என்று சொல்லவில்லை. புரட்சி வரும்வரை பால் பொங்கி வழியட்டும் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதும் அவளுடைய நேரத்தைப் பற்றி அவளுக்குப் பதிலாக முடிவெடுப்பதுதான். டாக்டரிடம் நான் ஏற்காததைத் தோழியிடமும் ஏற்கமாட்டேன்.

டாக்டர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மருந்து நிற்கிறதா? எனக்கு நிற்பதில்லை. அந்த வாரம் மாத்திரை போட்டது போலவே தெரியாது. ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்கும்போது மூளையின் டோபமைனும் பாதிக்கப்படுகிறது என்கிறார்கள். நெதர்லாந்தில் அந்த வாரத்துக்கு மட்டும் மருத்துவர்கள் அளவைக் கூட்டிப் பார்த்துப் பலன் கண்டதாக 2023இல் எழுதினார்கள். எத்தனை பெண்களிடம் பார்த்தார்கள்? ஒன்பது பேர். 1937இல் சார்லஸ் பிராட்லி குழந்தைகளுக்கு பென்ஸிட்ரின் கொடுத்துப் பார்த்ததிலிருந்து எண்ணினால் 86 வருடம். மாதத்துக்கு ஒரு முறை உலகத்தின் பாதிப்பேருக்கு வருவதைப் பற்றிக் கேட்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் சொன்ன அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதைத் திரும்பப் பெற்றதே 1993இல்தான்.

மருந்துக்கடைக்குப் போவது தனிக் கதை. அட்டவணை எக்ஸ் மருந்து என்பதால் தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். நான்காவது கடையில் கிடைத்தது. "பையனுக்காக்கா?" என்று கேட்டார் கல்லாவில் இருந்த தம்பி. எனக்குத்தான் என்றேன். சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

அடுத்த முறை போகும்போது மூன்று மாதக் காலண்டரை எடுத்துக்கொண்டு போனேன், மாதவிடாய் நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டு, மாத்திரை நின்ற நேரத்தை ஒவ்வொரு நாளுக்கும் எழுதி. பக்கவிளைவுகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். புரியும் மொழியில் தகவல் பெறும் உரிமை அதே சட்டத்தின் 22ஆவது பிரிவில் இருக்கிறது. டாக்டர் சிரித்தார், பிறகு சீட்டின் பின்பக்கம் எழுதினார். பசி குறையலாம். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். படபடப்பு வந்தால் உடனே வரவும். காலண்டரைத் தன் கோப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.