சங்கத்திற்கு ஒரு பெடல் ஸ்பானர்

நூல் சிப்பமும் காய்கறிக் கூடையும் இன்றும் பல ஊர்களில் சைக்கிளிலேயே சங்கத்திற்கு வருகின்றன. தேய்ந்த பெடலை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் அங்கத்தினரும் உளர், வரவேற்கத்தக்கதே. ஆனால் குறடும், சுத்தியலும் உளியும் இவ்வேலைக்கு உதவா. பெடல் அச்சில் ஸ்பானர் பற்றுவதற்குள்ள இடம் மிகக் குறுகியது. தடித்த ஸ்பானர் அங்கே நுழையாது. குறடோ வழுக்கி விளிம்பை மழுக்கிவிடும். மெல்லிய வாயும் நீண்ட பிடியும் உடைய 15 மில்லிமீட்டர் பெடல் ஸ்பானரே பெரும்பாலானவற்றிற்குப் பொருந்தும்.

வலப்பக்கப் பெடலின் மரை வழக்கமானது, இடப்பக்கத்ததோ எதிர்மரை. மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாதிருக்கவே இவ்வேற்பாடு. ஆகவே இடப்பக்கத்ததைக் கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் இறுக்கி, மரை பாழாகிக் கிராங்கையே மாற்ற நேர்ந்தபின், பெடல் விற்ற கடைக்காரரை நோவது நியாயமன்று. புதியதைப் பூட்டுகையில் மரையில் கிரீஸ் தடவி, முதற் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுக.

எப்போதோ ஒருமுறை வேண்டப்படும் ஸ்பானரை வீடுதோறும் வாங்குவானேன்? சங்கம் ஒன்று வாங்கி வைத்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்று இரவல் தரலாம். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொள்வார்களாக.