பிஸ்கட் கவரை அப்புறம் படிக்கலாம்

கிட்கேட்டைப் பிரித்தால் உள்ளே உராங்குட்டானின் விரல். 2010இல் கிரீன்பீஸ் வெளியிட்ட அந்த வீடியோவை எனக்கு இன்னும் பிடிக்கும். நெஸ்லேயையே இறங்கிவர வைத்தது. ஆனால் நாம் அதிலிருந்து கற்றது என்ன? 'பாமாயில் இல்லை' என்று அச்சிட்ட பிஸ்கட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது.

போர்னியோவின் கலிமந்தான் பகுதியில் காட்டுக்கு அடியில் இருப்பது பீட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறி, மட்காமல் கிடக்கும் இலையும் வேரும், பல மீட்டர் ஆழத்துக்கு. செம்பனை நடக் கால்வாய் வெட்டித் தண்ணியை வடிக்கிறார்கள். காய்ந்ததும் மண்ணே எரிகிறது. 2015இல் அந்தப் புகை சிங்கப்பூர் வரை மூச்சைத் திணறடித்தது.

சரி, சோயாவுக்கு மாறலாமா? அதே அளவு எண்ணெய்க்குப் பல மடங்கு நிலம் வேணும். அதுக்கு எந்தக் காட்டை வெட்டுவதாம்?

உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது இந்தியா. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய். எங்க வீட்டு வடைச்சட்டியில் கொதித்ததும் அதுதான். அந்த வரிசையில் நிற்கிற அக்காவிடம் உராங்குட்டான் கதை சொல்ல எனக்கு வாய் வராது. மொத்தமாக வாங்குகிற அரசைக் கேளுங்க: பீட் நிலத்தை வடித்து நட்ட தோட்டத்து எண்ணெய் வேண்டாம்னு டெண்டரில் எழுதச் சொல்லுங்க.