காய் நகர்த்தக் கையெழுத்து வேண்டும்

வேடிக்கையான பலகை ஆட்டம் ஒன்றைக் கற்பனை செய்வது எளிது, அதைத் திரும்பத் திரும்ப ஆடவைப்பதுதான் கடினம். பலரும் வேடிக்கையைக் கட்டத்துக்குள் எழுதிவிடுகிறார்கள்: 'மாமியார் வந்துவிட்டார், மூன்று கட்டம் பின்னால் போ.' முதல் தடவை சிரிப்பு வரும். மூன்றாம் தடவைக்குள் பெட்டி பரணுக்குப் போயிருக்கும். சிரிப்பு ஆட்டத்தின் விதியில் இருக்க வேண்டும். கேரளத்தின் ஐம்பத்தாறு சீட்டாட்டத்தைப் பாருங்கள். சீட்டுகளில் ஒரு நகைச்சுவையும் அச்சாகவில்லை. ஆனால், தோற்றவர் காதில் குணுக்கு என்ற தொங்கட்டானை மாட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும், ஜெயித்துத்தான் அதைக் கழற்ற முடியும். மீசை முறுக்கிய பெரியவர் ஒருவர், காதில் அது ஆட ஆட, துருப்பைப் பற்றித் தீவிரமாக யோசிப்பதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வகை ஆட்டத்துக்குத் திருவனந்தபுரத்தில் பலகை தயாராகவே இருக்கிறது. அது 1869-ல் கட்டி முடிக்கப்பட்ட தலைமைச் செயலகம். உதவியாளர், பிரிவு அலுவலர், சார்புச் செயலர், துணைச் செயலர் என்று கோப்பு ஏறி இறங்கும் வழி, தாயக்கட்டத்தின் பாதைக்குச் சளைத்ததல்ல. 2016-ல் முதல்வரான பினராயி விஜயன், ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று செயலக ஊழியர்களிடம் சொன்னார். கோப்பு தேங்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு கேலியாகத் திரும்பி வருகிறது. இதை ஆட்டமாக்கினால் ஆடுகிற நால்வரும் மனுதாரர்கள், நால்வருமே அதிகாரிகள். என் கோப்பு உங்கள் மேசையில், உங்களுடையது என் மேசையில். தாயம் எவ்வளவு விழுந்தாலும் மேசைக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் காய் நகரும். அவர் மறுக்கக்கூட வேண்டியதில்லை, 'விளக்கம் தேவை' என்ற சீட்டை வைத்தால் போதும். கோப்பு நிதித்துறைக்குப் போய் அதே கேள்வியோடு திரும்பும். கூடவே ஒரு 'மே 31' சீட்டு. பள்ளிப் பதிவேட்டில் மே மாதப் பிறந்தநாள் உள்ளவர்கள் ஏராளம் என்பதால், கேரள அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் அந்த ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். அதுவும் 56 வயதில். (சீட்டாட்டத்தின் எண்ணும் அதுவே என்பது தற்செயல்தான்.) அந்தச் சீட்டு வந்தால் மேசைகள் எல்லாம் காலி, கோப்புகள் புது ஆளுக்காகக் காத்திருக்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தில் பாம்பு கடித்தால் தாயத்தைத்தான் நொந்துகொள்ளலாம். இங்கே கடித்தவர் எதிரே காபி குடித்துக்கொண்டிருப்பார்.

இது வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல. போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் 2011-ல் 'கொலெய்கா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பெயருக்கு வரிசை என்று பொருள். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் சரக்கே இல்லாத கடைகளின் முன் மக்கள் நின்ற கதை அது. கைக்குழந்தையோடு வரும் தாயின் சீட்டைப் போட்டால் வரிசையின் முன்னுக்குப் போய்விடலாம். அந்தக் காலத்தைப் பார்த்திராத பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமலே பற்றாக்குறையைப் புரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்தது. ரஷ்யாவில் 2016-ல் அதிகாரிகள் அந்த ஆட்டத்துக்கு ஆட்சேபம் தெரிவித்தார்கள் என்றால், அட்டைப்பெட்டிக்குள் இருந்த கேலி சரியான இடத்தில் பட்டிருக்கிறது.

கேலி ஆட்டங்கள் கடைசியில் கேலியை இழந்துவிடும் என்பார்கள். அமெரிக்காவின் எலிசபெத் மேகி 1904-ல் காப்புரிமை பெற்ற 'நிலக்கிழார் ஆட்டம்' வாடகை ஒருவரிடம் குவிவதைக் கண்டிக்க வந்தது. அதுவே 1935-ல் விற்பனைக்கு வந்த 'மோனோபோலி'க்கு மூலம். இன்று அதை ஆடுபவர்கள் அடுத்தவரைத் திவாலாக்குவதில்தான் மகிழ்கிறார்கள். உண்மைதான். ஆனால், அங்கே பிழை கேலியில் இல்லை, மற்றவரை நசுக்கியவருக்கே வெற்றி என்ற முடிவில் இருக்கிறது. எல்லோரும் பயன்பெறும் விதிமுறை ஒன்றையும் மேகி வைத்திருந்தார். அது மறக்கப்பட்டது. ஆகவே, நம் ஆட்டத்தில் மே 31 சீட்டு வருவதற்குள் நான்கு கோப்புகளும் முடியாவிட்டால் யாருக்கும் வெற்றி இல்லை. முடிந்தால் முதலில் முடித்தவர் ஜெயித்தார். முடக்கும் ஆசையும் முடிக்கும் அவசியமும் ஒரே கையில் இருந்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும்.

கோப்புகள் இப்போது கணினிக்கு வந்துவிட்டனவே என்பதைப் பெரிய ஆட்சேபமாகக் கொள்ள வேண்டாம். திரையிலும் கோப்பு தூங்கும். கனமான ஆட்சேபம் வேறு. 2025-ல் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்கள் இதே செயலகத்தின் முன் எட்டு மாதங்களுக்கு மேல் போராடினார்கள். காத்திருப்பவரின் வலி நமக்குப் பொழுதுபோக்கா? அதனால்தான் ஓய்வூதியம் வராத மூதாட்டியையோ பந்தலில் மயங்கியவரையோ சீட்டாக்கக் கூடாது. சிரிப்பு நாற்காலியில் இருப்பவர்மேல்தான் விழ வேண்டும். இந்த ஆட்டத்தில் சுற்றுக்குச் சுற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை மூடி வைப்பவர் நீங்களேதான். மாதிரிப் பிரதி ஒன்று செய்பவர்கள் அதை முதலில் செயலக ஊழியர் சங்கங்களுக்குக் கொடுக்கலாம். விதிகளில் ஓட்டை எங்கே என்று அவர்களைவிடச் சீக்கிரம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.