நஷ்டத்தையும் சொல்வதுதான் நாணயம்

கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்குச் சுரங்கம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டபோது நான் பள்ளிச் சிறுவன். இன்று எங்கள் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்தில் ரெயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்புகிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு ரெயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நானும் அவர்களில் ஒருவன்.

அந்த வண்டியில்தான் 2017-ம் ஆண்டு ஒரு சங்கம் பிறந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணே, பிட்காயின் என்று ஒரு நாணயம் இருக்கிறது. அதையும் சுரங்கம் தோண்டி எடுப்பதாகத்தான் சொல்கிறார்கள்" என்றார். மூடிப்போன சுரங்கத்தின் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு தூண்டில் வேண்டுமா? ஒன்பது பேர் சேர்ந்துவிட்டோம். மற்றப் பயணிகள் எங்களுக்கு 'நாணயச் சங்கம்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். அதையே நாங்களும் ஏற்றுக்கொண்டோம்.

அந்தச் சங்கத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்ட உரிமையில், அதன் நிறையையும் குறையையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கற்றுக்கொண்டது

முதலில் நிறை. நான் பள்ளியில் படிக்காத பொருளாதாரத்தை இந்தச் சங்கத்தில்தான் படித்தேன். சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் 2008-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி இந்தத் திட்டத்தை வெளியிட்டார். அவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. 2009 ஜனவரியில் நாணயம் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் அது பெருகாது. கணக்கில் ஒரு புதுப் பக்கம் சேர்ப்பவருக்குத் தொடக்கத்தில் 50 நாணயம் கிடைத்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. ஆழம் போகப்போகத் தங்கம் அருகிவிடும் என்பதை அறிந்த எங்களுக்கு இது எளிதில் விளங்கியது.

கணக்குப் புத்தகம் ஒரே இடத்தில் இல்லை. அதன் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒருவர் திருத்தினால் மற்றவை ஏற்காது. 'நம்பாதே, சரிபார்' என்பதுதான் இந்த நாணயக்காரர்களின் தாரக மந்திரம். கவுண்டரில் கல்லாப் பணத்தை எண்ணி, டிக்கெட் கணக்கோடு ஒத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் புறப்பட முடியாத என்னைப் போன்றவனுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

சோதனைகளும் வந்தன. 2017 டிசம்பரில் 20 ஆயிரம் டாலரை நெருங்கிய விலை, ஓர் ஆண்டில் 4 ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. 2018 ஏப்ரல் 6-ந் தேதி ரிசர்வ் வங்கி, இந்த வியாபாரத்துக்கு வங்கிகள் துணைபோகக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அதே ஆண்டு அக்டோபரில், பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையில் வைக்கப்பட்ட பிட்காயின் எந்திரத்தைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். வண்டியில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. 2020 மார்ச் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்த அன்று நாங்களே வழக்கில் வென்றது போல மகிழ்ந்தோம்.

2010-ம் ஆண்டு மே 22-ந் தேதி அமெரிக்காவில் ஒருவர் 10 ஆயிரம் பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அந்த நாளை உலகெங்கும் நாணயக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். எங்கள் கொண்டாட்டம் பங்காருப்பேட்டை பானிபூரியோடு முடியும். கேலியையும் பானிபூரியையும் பங்கிட்டுக்கொண்டவர்கள் சீக்கிரம் பிரிவதில்லை.

மறைத்தது

இனி குறை. அதை என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

ரெயில்வே ஊழியர்கள் பங்கு முதலிய முதலீடுகளில் ஊகபேரம் செய்யக் கூடாது என்று 1966-ம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுகின்றன. அடிக்கடி வாங்கி விற்பதும் ஊகபேரமாகவே கருதப்படும். ஆகவே நான் வாங்கியது அபூர்வமாக, அதுவும் சிறு தொகைக்கு. 2017 டிசம்பரில் 15 ஆயிரம் ரூபாய் போட்டேன். மறு ஆண்டு கடைசியில் பயந்துபோய் 3 ஆயிரம் ரூபாய்க்குச் சங்கத்து நண்பர் ஒருவருக்கே விற்றேன். பிறகு 2020-ல் 10 ஆயிரம் போட்டேன். 2021 நவம்பரில் அது சுமார் 70 ஆயிரம் ரூபாயாக நின்றது.

அந்த 70 ஆயிரத்தை வண்டியில் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இழந்த 12 ஆயிரத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம் வாங்கிய நண்பரும் பெருந்தன்மையாக வாய் திறக்கவில்லை.

நான் காட்டியதைப் பார்த்தவர்களில் ஒருவர், பெங்களூரில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்க்கும் அண்ணன். என் தாத்தாவோடு சுரங்கத்தில் இறங்கியவரின் மகன். பிட்காயின் விலை ஏறிவிட்டது என்று எண்ணி, அதைவிட மலிவாக ஏறிவந்த லூனா என்ற வேறொரு நாணயத்தை வாங்கினார். 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் அது காசுக்கும் உதவாமல் போனது. அதன் பிறகு அவர் எங்கள் பெட்டிக்கு வரவில்லை. நாங்கள் இரண்டொரு நாள் விசாரித்தோம். பிறகு விட்டுவிட்டோம். அவர் வேறு பெட்டியில் வருகிறார் என்பதும், மனைவியின் நகையை அடகு வைத்துப் போட்ட பணம் அது என்பதும் பல மாதங்கள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

பாட்டி சொன்னது

சுரங்கத்தில் பாறை வெடிப்பு நேர்ந்தால் குடியிருப்பு முழுவதும் சுரங்க வாசலில் வந்து நிற்கும் என்று என் பாட்டி சொல்வார். எவ்வளவு தங்கம் வந்தது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். யார் மேலே வரவில்லை என்றுதான் பேர் சொல்லிக் கேட்பார்கள்.

எங்கள் நாணயச் சங்கத்தில் அந்தக் கேள்வி இல்லை. லாபத்தோடு மேலே வந்தவரை எல்லோரும் சூழ்ந்துகொள்கிறோம். வராதவரை மறந்துவிடுகிறோம். சீட்டு கட்டி ஏமாந்தால் தெருவே கூடிப் பேசும். இங்கே இழந்தவர் வெட்கப்பட்டுச் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார். மிஞ்சியிருப்பவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் போல் தோன்றுகிறார்கள். புதிதாக வருபவர் அதைப் பார்த்தே ஏமாறுகிறார்.

"அவரவர் பணம், அவரவர் பொறுப்பு" என்பார் சிலர். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அவர் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வரவில்லை. நம்முடைய பேச்சைக் கேட்டு வந்தார். 'நம்பாதே, சரிபார்' என்று பாடம் சொன்ன நாம், அவர் சரிபார்ப்பதற்குப் பாதிக் கணக்கைத்தானே காட்டினோம்?

சர்க்காரின் கணக்கிலும் நஷ்டத்துக்கு இடம் இல்லை. 2022-ம் ஆண்டு பட்ஜெட் இந்த லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்தது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொரு நாணயத்தின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. நாணயங்களைப் பாதுகாப்பதாகச் சொன்ன நிறுவனங்களும் கைவிட்டிருக்கின்றன. 2014-ல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸ், 2022 நவம்பரில் எப்.டி.எக்ஸ். என்று பெரிய இடங்களே கவிழ்ந்தன. சர்க்காரும் நிறுவனமும் எழுதாத நஷ்டக் கணக்கைச் சங்கத்தார்தானே எழுத வேண்டும்?

செய்ய வேண்டியது

ஆகவே என் யோசனைகள் மூன்று. லாபத்தைச் சொல்பவர் அதே மூச்சில் நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ வருபவரை, "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே தடுக்க வேண்டும். ஒரு வாரம் ஒருவர் வராவிட்டால் அவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதை நான் காலம் தாழ்த்தியே செய்தேன். அந்த அண்ணன் வீட்டுக்குப் போய், என்னுடைய 12 ஆயிரம் ரூபாய்க் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "இதை அப்போதே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது அவர் எங்கள் பெட்டியிலேயே வருகிறார். நாணயம் எதுவும் வாங்குவதில்லை. அடகு நகையை மீட்டுக்கொண்டிருக்கிறார். புதிதாக யாராவது ஆசையோடு விசாரித்தால், முதலில் அவர் பக்கத்தில்தான் உட்கார வைக்கிறோம். அவர் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர்கள் பேசுகிறோம்.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள் உண்டு, நேர்மை என்றும் பொருள் உண்டு. முதல் பொருளை மட்டும் வைத்துச் சங்கம் நடத்த முடியாது. எங்களைப் போல ஊருக்கு ஊர் கூடிப் பேசும் நாணய அன்பர்கள் இதைச் சிந்திப்பார்களாக!