ஊசியோடு திருப்புளியும் வேண்டும்

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து ஓட்டினால் அது உயிர்பெற்று நடக்கும். அதனுடன் காமிராவும் நகர வேண்டுமானால்? கையால் தள்ளிப் பார்த்தோம். திரையில் காட்சி குலுங்கியது. கடையில் விற்கும் கருவியோ எட்டாத விலை.

ஆகவே நாங்களே செய்தோம். பழைய மேசையின் டிராயர் சேனல்மீது ஒரு பலகை. அதை நகர்த்த 6 மி.மீ. மரைக் கம்பி, நட், கைப்பிடி. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். வினாடிக்கு 12 படமெனில் 10 வினாடிக்கு 120 படம். படத்திற்கு ஒரு சுற்றென 12 செ.மீ. பயணம். தொடக்கத்திலும் முடிவிலும் அரைச் சுற்று, கால் சுற்று எனக் குறைத்தால் காமிரா மெல்லப் புறப்பட்டு மெல்ல நிற்கும்.

"பெண்பிள்ளைகளுக்கு ரம்பம் எதற்கு?" என்பார் உளர். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி, தாம் கத்தரித்த நிழலுருவங்களைக் கண்ணாடித் தட்டுகளில் அடுக்கி, மேலிருந்து படமெடுத்து, 1926-இல் முழுநீளப் படமே தந்தார். கத்தரிக்கோல் பிடித்த கைதான் அது!

சீரான தையலுக்குக் கற்ற பொறுமையே எங்களுக்கு இங்கும் உதவியது. எனவே கைத்தொழில் வகுப்பில் ஊசியோடு திருப்புளிக்கும் இடந்தருமாறு அருட்சகோதரிகளையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறோம்.